படத்தில் விடுபட்ட ஆள்

ஜெகபர் அலிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் இரண்டு முட்டை, நாலு பெட்டி, ஒரு பட்டம். முட்டை என்றால் தின்கிற முட்டை இல்லை. பட்டமும் ஆடிக் காற்றில் மொட்டை மாடியிலிருந்து விடுகிற பட்டம் இல்லை. எல்லாம் பென்சிலால் காகிதத்தில் போடுகிறவை. முட்டையில் தொடங்கி, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு வந்து, பெட்டியிலிருந்து பட்டத்துக்கு வந்து, அங்கே ஒரு கேள்வி கேட்டு, 'ஆமாம்' என்றால் ஒரு பக்கமும் 'இல்லை' என்றால் இன்னொரு பக்கமும் போய், கடைசியில் இன்னொரு முட்டையில் முடிய வேண்டும். இதைச் சரியாகப் போட்டவன் திருச்சியில் இருப்பான். போடாதவன் சித்தூருக்குப் போவான்.

கம்பெனியின் பெயர் இங்கே எதற்கு? பஸ் ஓட்டுகிற கம்பெனி. தலைமை ஆபீஸ் சென்னையில், கிளைகள் நாலைந்து ஊரில். திருச்சிப் பட்டறை பாலக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பட்டறையை ஒட்டி ஸ்டோர், ஸ்டோருக்குக் கம்பிவலை போட்ட கவுண்டர். மெக்கானிக் வந்து சீட்டை நீட்டுவான். ஸ்டோர்மேன் காத்தான் சாமானை எடுத்துக் கொடுத்து, சீட்டின் பின்னால் கையெழுத்து வாங்கிக்கொள்வார். சீட்டு உள்ளே கிளார்க் மேசைக்கு வரும். ஒரு மேசை ஜெகபர் அலியுடையது, இன்னொன்று ரங்கசாமியுடையது. லெட்ஜரைப் புரட்டி இருப்பில் கழிக்க வேண்டும். இருப்பு ஐந்துக்குக் கீழே இறங்கினால் சென்னைக்கு எழுத வேண்டும். எட்டு நாளில் புதுச் சரக்கு வந்துவிடும். பதினோரு வருஷமாக ஜெகபர் அலி செய்துவந்த வேலை இவ்வளவுதான். இதைப் படமாகப் போடு என்றால் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடலாம் என்றுதான் அவனும் நினைத்தான்.

1967 ஜூலைக் கடைசியில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. தலைமை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் என்று ஒரு மிஷின் வருகிறதாம். இனிமேல் எல்லா ஊர் இருப்பையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். இங்கிருந்து தினமும் ஃபாரம் நிரப்பி ரயிலில் அனுப்ப ஒரு கிளார்க் போதுமாம். இன்னொருவருக்குச் சித்தூர்க் கிளையில் இடம் இருக்கிறதாம். வேலையை மிஷினுக்குப் புரிகிற மாதிரி படமாகப் போடக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்து இரண்டு வாரம் வகுப்பு நடத்துவார், யார் இருப்பது, யார் போவது என்பது அதில் முடிவாகும் என்றும் எழுதியிருந்தார்கள்.

வந்தவர் சடகோபன். இருபத்து நாலு வயசு. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, நெற்றியில் மெல்லிய சூர்ணத்தோடு காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். டயர் கோடவுனுக்குப் பக்கத்து அறையில் ஒரு கரும்பலகையைச் சாய்த்துவைத்து வகுப்பு. முப்பத்து மூன்று வயசு ஜெகபர் அலியும் முப்பது வயசு ரங்கசாமியும் பெஞ்சில் உட்கார்ந்து, தங்களைவிடச் சின்னவரை 'சார்' என்று கூப்பிட்டார்கள். அவரும் இவர்களை 'சார்' என்றே கூப்பிட்டார். அறைக்குள் சாருக்குப் பஞ்சமில்லை.

முதல் நாள் அவர் ரங்கசாமியைத்தான் எழுப்பினார்.

"நீங்க எங்கேர்ந்து வரேள் சார்?"

"திருவெள்ளறை சார்."

"வீட்டுலேர்ந்து இங்க வர வரைக்கும் என்னென்ன செய்யறேள், ஒண்ணொண்ணா எழுதுங்கோ பார்ப்போம்."

ரங்கசாமி எழுதினான். வீட்டைவிட்டுக் கிளம்பு. ஸ்டாப்பிங்குக்கு வா. பஸ் வந்ததா? இல்லை என்றால் காத்திரு. ஆமாம் என்றால் ஏறு. சத்திரம் ஸ்டாப்பிங்கில் இறங்கு. நட.

"பேஷ். நாளைக்கு ஆடிப் பதினெட்டு. பஸ் வரது, ஆனா ஃபுட்போர்டு வரைக்கும் ஜனம். உங்க படம் என்ன செய்யும்?"

"ஏற முடியாது சார். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்."

"அதுலயும் கும்பல்."

"காத்திருக்கும்."

"எது வரைக்கும்?"

ரங்கசாமி யோசித்தான். "ஆடி முடியிற வரைக்கும் சார்."

ஜெகபர் அலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சடகோபனும் சிரித்தார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க நிஜத்துல என்ன செய்வேள்? ரெண்டு பஸ் பார்ப்பேள், அப்புறம் யாரோட சைக்கிள்லயாவது தொத்திண்டு வந்துடுவேள். அது உங்களுக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியாது. அதுக்கு அலுப்பும் கிடையாது, வெக்கமும் கிடையாது. காத்திருன்னு எழுதினா நின்னுண்டே இருக்கும். அதனால நமக்குத் தெரிஞ்சதை, இது யாருக்குத்தான் தெரியாதுன்னு விட்டுடப்படாது. அதுவும் ஒரு படிதான். அதுக்கும் ஒரு பெட்டி போடணும்."

ஜெகபர் அலி இதை நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதிக்கொண்டதோடு சரி.

பரீட்சை என்னவென்று இரண்டாம் வாரத் தொடக்கத்தில் தெரிந்தது. அவரவர் ஸ்டோர் வேலையைப் படமாகப் போட வேண்டும். ஜூலை மாதத்தில் முன்சக்கர பேரிங்குக்கு வந்த முப்பத்தொரு சீட்டையும் தேதி வரிசையில் அந்தப் படத்தின் வழியாக ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் சாமான் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் போனது என்று படமே சொல்ல வேண்டும். அடுத்த புதன்கிழமை சென்னை மேனேஜர் வந்து பார்ப்பார். அதோடு தீர்ப்பு.

ரங்கசாமிக்குத் திருவெள்ளறையில் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும். அவன் சித்தூர் போனால் நிலம் தரிசு. ஜெகபர் அலிக்கு நிலமில்லை, நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்தில் இரண்டு அறை வீடும் அதில் மனைவி கமர் ஜஹானும்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு தடவை தங்கி இரண்டு தடவையும் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில், புதுக்கோட்டையில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம். பிள்ளை கைக்கு வரும்வரை பஸ், ரயில் இரண்டையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆக, சித்தூர் என்றால் அவன் மட்டும் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காற்று சந்துக்குள் புகுந்து கதவை அடித்துக்கொண்டே இருந்தது. கமர் ஜஹான் வீங்கின காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்து, தன் அக்கா மஜீதா கொடுத்தனுப்பிய புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கறி ஆணம் கொதித்தது. ஜெகபர் அலி உட்கார்ந்தான், எழுந்தான், வாசல் வரை போனான், வந்தான்.

"என்னங்க, காயிதத்தையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அது எந்திரிச்சு பேசவா போவுது?"

"படம் போட்டாச்சு புள்ள. சீட்டையெல்லாம் அதுல ஓட்டிப் பாக்கணும். ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் கழிக்கணும். ஒரே ஆளா செஞ்சா எண்ணிக்கை விட்டுப்போவுது."

"குடுங்க, நான் படிக்கிறேன்."

அவள் எட்டாவது வரை படித்தவள். சீட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பேரிங்குக்குப் பதில் புளியங்கொட்டை என்று வைத்துக்கொண்டார்கள். ஜூலை முதல் தேதி இருப்பு இருபத்து நாலு. இருபத்து நாலு கொட்டையை அவன் பாயில் வரிசையாக வைத்தான்.

"மொத சீட்டு. ரெண்டாந் தேதி. ரெண்டு."

"இருப்பு இருக்கா? இருக்கு. குடு. கழி." இரண்டு கொட்டையை அந்தப் பக்கம் தள்ளினான்.

"மூணாந் தேதி. ஒண்ணு."

இப்படியே போயிற்று. படம் சொன்னபடி சொன்னபடி கொட்டை நகர்ந்தது. ஐந்துக்குக் கீழே இறங்கியதும் 'சென்னைக்கு எழுது' என்ற பெட்டிக்குப் போய் வந்தான். தேதி பத்து. சரியாக லெட்ஜரில் இருப்பதுபோலவே. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நடுவில் எழுந்து ஆணத்தைக்கூடக் கிண்டிவிட்டு வந்தான். பதினாறு சீட்டு முடிந்தது.

"பதினேழு. பதினாலாந் தேதி. ஒண்ணு," என்றாள். பிறகு பாயைப் பார்த்தாள். "கொட்டை தீந்துபோச்சே."

"தீந்துதான் போவும். இங்க பாரு, பட்டம். இருப்பு இருக்கா? இல்ல. இந்த அம்பு வழியா வா. சரக்கு வர வரைக்கும் காத்திரு."

"எப்ப வருது?"

"பதினெட்டாந் தேதி."

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி பெற்றுக்கொண்டேன்னு பதினாலாந் தேதியே கையெழுத்துப் போட்டிருக்கானே."

"ஆமா, வாங்கிட்டுப் போயிட்டான். வண்டி அன்னைக்கே கெளம்பிருச்சு."

"எங்கேருந்து வாங்கினான்?"

"ஸ்டோர்லேருந்துதான்."

"ஸ்டோர்லதான் இல்லையே. எல்லாக் கொட்டையும் இந்தப் பக்கம் வந்துருச்சே."

"காத்தாண்ணே குடுத்திருப்பாரு."

"அவரு எங்கேருந்து எடுத்தாரு?"

 சடகோபன் சொன்னதை நோட்டில் எழுதிவைத்திருந்த பெரிய மனுஷனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

விஷயம் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெக்கானிக் ஒன்றுக்கு இரண்டாகப் பேரிங் வாங்கிப்போவான். ஒன்று போதுமானதாக இருந்தால் மற்றதைக் கொண்டுவந்து கொடுப்பான். முறைப்படி அதற்குத் திருப்புச் சீட்டு எழுத வேண்டும். காத்தான் எழுதுவதில்லை. அந்தப் பேரிங்கை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி எங்கேயோ ஒரு டின்னில் போட்டுவைப்பார். லெட்ஜரில் இருப்பு இல்லாத நாளில் பஸ் நின்றுபோனால் அவர் உள்ளே போவார், அரை நிமிஷத்தில் சாமானோடு வருவார். அந்தச் சீட்டை ஜெகபர் அலி பேப்பர்வெயிட்டின் கீழ் வைத்துக்கொண்டு, புதுச் சரக்கு வந்த தேதியில்தான் லெட்ஜரில் எழுதுவான். புதுச் சரக்கில் ஒன்று டின்னுக்குத் திரும்பும். இதற்குக் 'கைக்காவல்' என்று பேர். பதினோரு வருஷமாக இப்படியே நடந்ததால், இது ஒரு வேலை, இதற்கு ஒரு படி உண்டு என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. இருப்பில் இல்லையென்றால் காத்தானைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்ப அவரைப் படத்துல போடுங்க," என்றாள் கமர் ஜஹான்.

"போட முடியாது புள்ள."

"ஏன்?"

"போன வருசம் சேலத்துல என்ன ஆச்சு தெரியுமா? கணக்குல இல்லாத நாலு பிரேக் லைனிங் ஸ்டோர்ல இருந்துச்சுன்னு ஸ்டோர்மேனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டாங்க. கணக்குக்குக் கொறைஞ்சாலும் திருட்டு, கூடினாலும் திருட்டு. காத்தாண்ணே ரிட்டயர் ஆவ இன்னும் பதினோரு மாசம் இருக்கு."

"அவரு திருடலையே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த சீட்டுக்கட்டைப் பாயில் வைத்தாள். "அவரு புள்ளைங்க எல்லாம் கல்யாணம் காச்சி முடிஞ்சு ஆளுக்கொரு பக்கமா இருக்காங்க. எனக்கு இது மூணாவது. நீங்க சித்தூர்ல இருக்கும்போது எனக்கு வலி வந்தா நான் யாரைக் கூப்புடுவேன்? ரெண்டு தடவையும் நீங்க இருந்தீங்க. இருந்தும் அப்படி ஆச்சு. இந்தத் தடவை இல்லாம வேற இருக்கணுமா? நான் சுயநலமாத்தான் பேசுறேன். பேசிட்டுப் போறேன். அவரைப் போடுங்க."

அவன் படத்தைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு பென்சிலை எடுத்து, பட்டத்துக்கும் 'காத்திரு' பெட்டிக்கும் நடுவில் அழித்துவிட்டு இன்னொரு பட்டம் போட்டான். உள்ளே 'கைக்காவல் இருக்கிறதா?' என்று எழுதினான்.

"பேரு போடலை. கட்டம் மட்டும் போட்டிருக்கேன். யாருன்னு படத்துல இருக்காது."

"அது போதுமா?"

"போதும்." தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டான்.

கமர் ஜஹான் கைக்காவலுக்கென்று ஏழு கொட்டையைத் தனியாக எடுத்து அவன் முழங்காலுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். மிச்சப் பதினைந்து சீட்டும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடி முடிந்தன.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனான். காத்தானிடம் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் போனான். அவர் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து கம்பங்கூழில் மோரை ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தார். உறையூரிலிருந்து தினமும் நடந்தே வருகிற ஆள். வெளியே தகரக் கூரையைக் காற்று தடதடவென்று உலுக்கியது.

"வாங்க பாய். இந்தக் காத்துக்குக் கண்ணுல மண்ணு விழுந்துக்கிட்டே இருக்கு. கூழு ஒரு வாய் குடிக்கிறீங்களா? வூட்டுல சுண்ட வத்தல் வறுத்துக் குடுத்துருக்கா."

"வேணாம்ணே. நம்ம வூட்டுச் சோறு இருக்கு."

"தங்கச்சி எப்புடி இருக்கு?"

"கால் வீங்கியிருக்கு. மத்தபடி நல்லா இருக்கா."

"பார்லி கஞ்சி வச்சுக் குடுங்க. எம் பொண்டாட்டி அதான் குடிச்சா." கூழை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வத்தலைக் கடித்தார். "என்னமோ படம் போடுறீங்களாமே. ரங்கசாமி சொல்லிச்சு. அதுல கவுண்டரு இருக்கா?"

"இருக்குண்ணே."

"சீட்டு?"

"இருக்கு."

"நான் இருக்கனா?"

"ஆளுங்களைப் போட மாட்டாங்கண்ணே. வேலையைத்தான் போடுவாங்க."

"வேலையைப் போட்டா அதைச் செய்யிற ஆளு தானா வந்துருவான்ல," என்று காத்தான் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏனத்தை வழித்துக் குடித்தார்.

இதுதான் சமயம். அவன் வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து கவுண்டரில் ஒருவன் வந்து கம்பிவலையைத் தட்டினான். காத்தான் எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் ஜெகபர் அலி தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு தன் மேசைக்கு ஓடிவிட்டான். செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை அவர் முகத்தையே பார்க்கவில்லை. கோழைத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, கால் அந்தப் பக்கம் போக மறுத்தது.

புதன்கிழமை மேனேஜர் வந்தார். கட்டையான ஆள், கண்ணாடி, அதிகம் பேசாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆரம்பிக்கலாம்," என்றார்.

ரங்கசாமியின் படம் முதலில். பதினாறு சீட்டு வரை ஓடியது. பதினேழாவது 'காத்திரு' பெட்டியில் போய் நின்றது.

"இது பதினாலாந் தேதி போயிருக்கு. உங்க படத்துல பதினெட்டாந் தேதிதான் போகுது," என்றார் மேனேஜர்.

"தேதி தப்பா விழுந்திருக்கும் சார்," என்றான் ரங்கசாமி. அவன் கழுத்து வேர்த்திருந்தது. உண்மை அவனுக்கும் தெரியும். காத்தானை விட்டுக்கொடுக்காமல் இருக்க அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"அஞ்சு சீட்டுலயுமா?"

ரங்கசாமி தன் படத்தைச் சுருட்டினான்.

அடுத்து ஜெகபர் அலி. சடகோபன் சீட்டைப் படிக்கப் படிக்க அவன் படத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டு போனான். பதினேழு வந்தது. விரல் இரண்டாவது பட்டத்துக்குள் நுழைந்து, 'ஆமாம்' வழியாக வெளியே வந்து, முடிவு முட்டையைத் தொட்டது. முப்பத்தொன்றும் முடிந்தன. ஒரு சீட்டும் நடுவழியில் நிற்கவில்லை.

சடகோபனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "சார், இந்தக் கட்டம் ரூல் புஸ்தகத்துலயே இல்லை. இவரே கண்டுபிடிச்சிருக்கார். இது இல்லேன்னா நம்ம மிஷின் அஞ்சு பஸ்ஸை நாலு நாள் நிறுத்தி வச்சிருக்கும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கைக்காவல்னா, லெட்ஜர்ல இல்லாத சரக்கா?"

"ஆமா சார்."

"யார் வச்சிருக்கறது?"

அறையிலிருந்து பார்த்தால் கம்பிவலைக்கு அப்பால் கவுண்டர் தெரியும். காத்தான் ஒரு மெக்கானிக்கிடம் சீட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் பேர் இல்லாவிட்டால் கேள்வி வராது என்று நினைத்த தன் புத்தியை ஜெகபர் அலி நொந்துகொண்டான். கமர் ஜஹானின் வீங்கின கால் கண்முன் வந்தது. சித்தூர் வந்தது. அவன் நாக்கில் காத்தான் என்ற பேர் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நான்தான் சார் வச்சிருக்கேன்."

ரங்கசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தான். மேனேஜர் எழுந்தார்.

"காட்டுங்க."

ஸ்டோருக்குள் போனார்கள். இருபுறமும் கூரை வரை தட்டுகள். தட்டு தட்டாக டால்டா டின், பிஸ்கட் டின், பெயிண்ட் டின். பதினோரு வருஷம் மேசையில் உட்கார்ந்து எழுதியவனுக்கு உள்ளே எந்த டின்னில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவன் ஒரு டின்னைத் திறந்தான். வாஷர். இன்னொன்று. கிரீஸ். மூன்றாவதில் துருப்பிடித்த போல்ட்டுகள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது டின்னின் மூடி வரவில்லை. நகத்தால் நெம்பினான், நகம் பிளந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சொன்ன பொய்க்குக் கை வேலை செய்ய மாட்டேன் என்கிறதே என்று அழுகையே வந்தது அவனுக்கு.

பின்னால் மர ஏணி தரையில் உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"அது இல்ல பாய். கொஞ்சம் தள்ளுங்க," என்றார் காத்தான்.

அவர் ஏணியைச் சாத்தி நாலு படி ஏறி, தீயணைக்கிற மணல் வாளிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன டின்னை எடுத்தார். இறங்கி வந்து, எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பேரிங்காக ஜெகபர் அலியின் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.

"எட்டு இருக்கு சார். நேத்தி ஒண்ணு குடுத்தேன்," என்றார் மேனேஜரிடம்.

"ரெண்டு பேரும் கூட்டா?"

"கூட்டு எங்க சார். பாய்க்கு எடமே தெரியலன்னு நீங்களே பாத்தீங்கள்ல."

"வித்திருக்கியா?"

"வித்திருந்தா டின்னு காலியால்ல சார் இருக்கும்."

"பின்னே எதுக்கு வச்சே?"

"வண்டி நிக்கக் கூடாதுல்ல சார். சரக்கு வர எட்டு நாளு ஆவுது. சனம் எட்டு நாளு ரோட்டுல நிக்குமா?"

"இது மாதிரி எத்தனை டின் இருக்கு?"

"பதிமூணு சார். வேற வேற சாமானுக்கு."

"எது எங்கே இருக்குன்னு எழுதி வச்சிருக்கியா?"

"எழுதத் தெரியாதுங்க. கைக்குத் தெரியும்."

மேனேஜர் தட்டுகளை அண்ணாந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, நல்லவரும் இல்லை. கம்பெனி நடத்துகிறவர். கணக்குப் போடுவது அவர் நெற்றியிலேயே தெரிந்தது. காத்தானை வேலையைவிட்டு அனுப்பினால் பதிமூன்று டின்னையும் யார் கண்டுபிடிப்பது? கடைசியில் சடகோபனிடம் திரும்பினார்.

"எல்லா டின்னையும் எடுத்து எண்ணி லெட்ஜர்ல ஏத்துங்க. இனிமே கைக்காவல் எல்லாக் கிளையிலும் இருக்கட்டும், ஆனா கணக்குல இருக்கட்டும். அந்தக் கட்டத்தை அப்படியே மெட்ராஸுக்கு அனுப்புங்க. இவன் ரிட்டயர் ஆகறவரைக்கும் இங்கேயே இருந்து ஒவ்வொண்ணா ஒப்படைக்கட்டும்." பிறகு ஜெகபர் அலியைப் பார்த்தார். "படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீங்க பதினோரு வருஷம் லெட்ஜர்ல சாமான் போன தேதியை விட்டுட்டு வேற தேதி எழுதியிருக்கீங்க. இப்ப என் முன்னாடி நின்னு பொய் சொன்னீங்க. இங்கேருந்து வர ஃபாரத்தைப் பாத்துத்தான் மிஷின் எல்லாம் செய்யப்போகுது. அதை எழுதறவர் நீங்களா இருக்க முடியாது. ரங்கசாமி இருக்கட்டும். நீங்க ஒண்ணாந் தேதி சித்தூர்ல சேந்துடுங்க."

"சார், படம் அவரோடது," என்றார் சடகோபன்.

"படம் இருக்கட்டும்," என்றார் மேனேஜர்.

சாயங்காலம் கேட்டருகே காத்தான் அவனுக்காக நின்றுகொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

"பொய் சொல்றதுன்னா மொதல்ல எந்த டின்னுன்னு கேட்டுக்கிட்டுல்ல சொல்லணும்."

"திங்கக்கெழம சொல்லத்தாண்ணே வந்தேன். வாய் வரலை."

"தெரியும். சோத்தைத் தொடாம ஓடினீங்களே, என்னமோ இருக்குன்னு நெனச்சேன்." "நீங்க எம் பேரைச் சொல்லியிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன் பாய். வண்டி நிக்கக் கூடாதுன்னு வச்சேன்னு. எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நீங்க அவசரப்பட்டுட்டீங்க."

அது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வீட்டுச் சந்து வரும்வரை ஜெகபர் அலி அதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தான்.

கமர் ஜஹானிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. வாசற்படிக்கு உள்ளே பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் பட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து காத்தான் கேட்டருகே சொன்னதுவரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அவனுடைய பிளந்த நகத்தைப் பிடித்துப் பார்த்தாள், விட்டாள்.

"நீங்க அவரு பேரைத்தான் சொல்லியிருக்கணும்," என்றாள்.

"ம்."

"நான் பக்கத்துல இருந்திருந்தா சொல்ல வச்சிருப்பேன்."

"தெரியும். நீ இல்லாததாலதான் அப்படிச் சொல்ல முடிஞ்சுது."

காற்று கதவை ஓங்கி அடித்தது. இரண்டு பேரும் அதைச் சாத்த எழுந்திருக்கவில்லை.

"அக்கா வந்து படுத்துக்கும். அது கெடக்கட்டும். புள்ள பொறக்கும்போது நீங்க இருக்க மாட்டீங்க. இந்தக் கோவம் எனக்குத் தீராது. சும்மா பேச்சுக்குச் சொல்லலை."

"தீர வேணாம்."

"நல்லதாத்தான் செஞ்சிருக்கீங்க. அதுவும் எனக்குத் தெரியுது. அதனாலதான் இன்னும் கோவமா வருது."

அவள் விரலை மடக்கி ஒன்றாம் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணினாள். டாக்டரம்மா சொன்ன தேதிக்கும் எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலிக்கட்டும் என்றுதான் அடித்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி மெல்ல எழுந்து, அடுப்பைப் பார்க்கப் போனாள்.